கேமின் நடுவே அணையும் கணினி: சூடு மட்டும்தானா காரணம்?

படம் பார்த்தால் அணைவதில்லை. இணையத்தில் எவ்வளவு நேரம் உலாவினாலும் அணைவதில்லை. கேமைத் திறந்து, ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் மட்டும் கணினி பட்டென்று போய்விடுகிறது. இந்தப் புகாரோடு கடைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் பார்மட் போடுவார்கள். அடுத்து தெர்மல் பேஸ்ட் மாற்றுவார்கள். அதிலும் தீரவில்லையென்றால் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் கணினி வாங்கிய பிள்ளைகள், ஒரு குறையும் இல்லாத கார்டைப் பழுதென்று நம்பிப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இந்தச் செலவில் பெரும்பகுதி வேண்டாத செலவு. கணினி ஏன் அணைந்தது என்று ஊகிப்பதற்கு முன், எது அணைத்தது என்று தேடினால் போதும்.

நம்பிக்கை: எப்படி நின்றாலும் ஒன்றுதான்

இல்லை. நின்ற விதம்தான் முதல் சாட்சி. பிளக்கைப் பிடுங்கியதுபோல் விளக்கு, விசிறி எல்லாம் ஒரே நொடியில் செத்து, பவர் பட்டனை அழுத்தினாலும் உயிர் வராமல், பின்பக்க சுவிட்சை அணைத்துப் போட்ட பிறகே கிளம்புகிறதா? மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன் காப்பு ஏற்பாட்டால் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். திரை மட்டும் கறுத்து, விசிறி பேரிரைச்சலோடு சுற்றி, ஹெட்போனில் சத்தம் கொஞ்ச நேரம் தொடர்கிறதா? கிராபிக்ஸ் கார்டையோ அதற்குப் போகும் மின் கேபிளையோ பார்க்க வேண்டும். நீலத்திரை வந்தால் டிரைவர், ராம், புராசஸர் பக்கம் போக வேண்டும். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்பது வேறு கதை.

இந்தக் கடைசி இரண்டு வகைக்கும் அண்மைக்கால உதாரணம் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி நாளடைவில் நிலைகுலையும் குறை அவற்றில் இருப்பதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டியது. அந்தக் குறை பெரும்பாலும் கேம் நொறுங்குவதாகவும் நீலத்திரையாகவும்தான் வெளிப்பட்டது. அந்தப் புராசஸர் வைத்திருப்பவர்கள் எஸ்எம்பிஎஸ் மாற்றிப் பயனில்லை. பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

நம்பிக்கை: சூடாகித்தான் அணைகிறது

சூடு அணைக்கும், ஆனால் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் அணைக்கும். இன்டெல் கோர் புராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு வெப்ப எல்லை 100 டிகிரி செல்சியஸ். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டதும் புராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் திணறும், பிரேம் எண்ணிக்கை சரியும், விசிறி கத்தும். அதையும் தாண்டி வெப்பம் ஏறினால்தான் கடைசிக் காப்பாக மின்சாரத்தை வெட்டும். கிராபிக்ஸ் கார்டும் இப்படித்தான் படிப்படியாக இறங்கும். கொஞ்சமும் திணறாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம், ஒரு வெடிப்புக் காட்சியில் திடீரென்று அணைந்தால், சூட்டின் மேல் பழி போடுவதற்கு முன் யோசியுங்கள்.

ரைசன் 7000இல் 95ஐப் பார்த்துப் பதறவும் வேண்டாம். முழுச் சுமையில் அந்த அளவுவரை ஏறி ஓடும்படியே ஏஎம்டி அதை வடிவமைத்திருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. லிக்விட் கூலரின் பம்ப் நின்றுபோனாலோ, கூலர் தளர்ந்திருந்தாலோ, அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமலே மாட்டியிருந்தாலோ, வெப்பம் சில நொடிகளில் உச்சத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட கணினி கேம் வரை காத்திருக்காது, சாதாரண வேலையிலேயே தடுமாறும். சந்தேகம் தீர எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்ப அளவைக் கோப்பாகப் பதியவிட்டு விளையாடுங்கள். அணைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். 70 டிகிரியில் இருந்த புராசஸரும் கார்டும் சூட்டால் அணைந்திருக்க வழியில்லை. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேன் வைப்பதை ஒரு சோதனையாகச் செய்து பார்க்கலாம், அதுவே வைத்தியமாகிவிடாது.

நம்பிக்கை: 500 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது, தாராளமாகப் போதும்

இங்குதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் கணக்கில் 5 வோல்ட், 3.3 வோல்ட் பாதைகளும் சேர்ந்திருக்கும். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது 12 வோல்ட் பாதையிலிருந்து. லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 30 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 360 வாட்தான், மேலே 500 என்று எழுதியிருந்தாலும். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படும் எஸ்எம்பிஎஸ்களில் இந்த இடைவெளி சாதாரணம். லேபிளில் போட்டிருக்கும் ஆம்பியரையே முழுதாகத் தராதவையும் உண்டு.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத சிக்கல். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு என்விடியா குறித்த மின்தேவை 320 வாட். பரிந்துரைத்த எஸ்எம்பிஎஸ் 750 வாட். ஏன் இவ்வளவு வித்தியாசம்? புராசஸருக்கும் மற்றவற்றுக்கும் போக, கார்டு எப்போதும் ஒரே சீராக மின்சாரம் எடுப்பதில்லை. காட்சி சட்டென்று கனக்கும்போது, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு, சராசரியைப்போல் இரு மடங்குக்குக்கூடப் பாய்ந்து இழுக்கும். அந்தத் துடிப்பை ஓவர்லோட் என்று எஸ்எம்பிஎஸ் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அந்தத் தலைமுறைக் கார்டுகள் வந்தபோது நல்ல பெயர் பெற்ற எஸ்எம்பிஎஸ்களிலேயே சில இப்படி அணைந்தன. 2022இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 தரவரையறை, புதிய 16 முனைக் கேபிள் கொண்ட எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப்போல் இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோ விநாடி நேரம் தாங்கியாக வேண்டும் என்றே எழுதிவைத்தது. புதிதாக வாங்குகிறவர்கள் வாட் எண்ணோடு ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்ற குறிப்பையும் தேடுங்கள்.

கோல்டு, பிரான்ஸ் என்ற 80 பிளஸ் முத்திரைகளை நம்பி நிம்மதி அடைகிறவர்களும் இருக்கிறார்கள். மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று அது. திடீர்ப் பாய்ச்சலைத் தாங்குமா, நம் கோடைகால அறைச் சூட்டில் முழுச் சுமையை இழுக்குமா என்பதற்கு அந்த முத்திரை பதில் சொல்லாது.

இதைக் காசு செலவில்லாமல் சோதிக்க வழி இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, பிரேமை 60இல் கட்டிவைத்து, வழக்கமாக அணையும் அதே கேமை விளையாடுங்கள். அணைவது நின்றுவிட்டால் மின் வழங்கல் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. கார்டுக்குப் போகும் கேபிளையும் கவனியுங்கள். 8 முனை இணைப்பு ஒன்றின் அளவு 150 வாட். இரண்டு இணைப்பு கேட்கும் பெரிய கார்டுக்கு, ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரண்டு தலைகளையும் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் இழுங்கள். சில கணினிகளுக்கு இது மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது.

நம்பிக்கை: பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் சுற்றுகிறது, அதனால் எஸ்எம்பிஎஸ் நல்லது

கடைகளில் அன்றாடம் நடக்கும் சோதனை இது. எஸ்எம்பிஎஸ் எழுந்திருக்கிறது என்பதை மட்டும் இது காட்டும். சுமையே இல்லாமல் 12 வோல்ட் சரியாகக் காட்டும் பெட்டி, 400 வாட் இழுக்கும்போது 11.4க்குக் கீழே சரியலாம். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடக்கும் சரிவு சாதாரண மல்டிமீட்டரில் தெரியவே தெரியாது. ஒரே சீராகச் சுமை ஏற்றும் ஃபர்மார்க் போன்ற சோதனையில் தேறிவிட்டால் மட்டும் போதாது, கேமின் சுமை ஏறியிறங்கும் சுமை. உறுதியான சோதனை, நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான். கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். அப்போது ஒன்றை மறக்காதீர்கள்: பழைய மாடுலர் கேபிளைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகக் கூடாது. முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போர்டும் டிஸ்க்கும் கருகிவிடும்.

நம்பிக்கை: யுபிஎஸ் இருக்கிறது, கரண்ட் பிரச்சினையே வராது

நம் வீடுகளில் யுபிஎஸ்ஸே அணைப்பது உண்டு. வீட்டுக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ்களில் பல தாங்குவது 360 வாட். அலுவலகக் கணினிக்கு அது ஏராளம். கேம் ஓடும் கணினியும் மானிட்டரும் சேர்ந்து 450 வாட் கேட்டால் பேட்டரிக்கு மாறும் கணத்தில் யுபிஎஸ் கையை விரித்துவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் விளக்கும் ஃபேனும் தொடர்ந்து ஓடுவதால் கரண்ட் ஒரு கணம் போய்வந்ததே தெரியாது. கணினி காரணமில்லாமல் அணைந்ததாகத் தோன்றும். விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் தரும் படிப்படியான அலையை, ஆக்டிவ் பிஎஃப்சி கொண்ட சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஏற்காமல் நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றையும் ஒதுக்கி, நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஒரு மாலை முழுக்க விளையாடிப் பாருங்கள். செலவே இல்லாத இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், பலர் கடைசியில்கூடச் செய்வதில்லை.

வோல்டேஜ் குறைவுக்கு ஸ்டெபிலைசர் வாங்குமுன் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் மாலை நேரத்தில் 180க்கு இறங்கினாலும் அது ஓடும். 200-240 என்றிருந்தால் உங்கள் சந்தேகம் நியாயமானது.

நம்பிக்கை: கெர்னல் பவர் 41 என்று காட்டுகிறது, எஸ்எம்பிஎஸ் போய்விட்டது

விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் இந்தப் பிழையைக் கண்டதும் பலர் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடுகிறார்கள். முறையாக அணைக்காமல் கணினி நின்றது என்பதை, மறுபடி கிளம்பிய விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். அந்தக் குறிப்புக்குள் பக்செக் கோட் என்ற இடத்தில் 0 இருந்தால், நீலத்திரைப் பிழை எதையும் பதியாமலே நின்றிருக்கிறது என்று பொருள். வேறு எண் இருந்தால் அந்த எண்ணைப் பிடித்துத் தேடலாம்.

நம்பிக்கை: அந்த கேம்தான் கணினியைக் கெடுத்தது

2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு கேம் சோதனை ஓட்டத்துக்கு வந்தபோது, சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்துப்போயின. பழி கேமின் மேல் விழுந்தது. தன் தயாரிப்பில் பழுதான கார்டுகளைத் திரும்ப வாங்கி ஆராய்ந்த ஈவிஜிஏ நிறுவனம், ஒரு சிறு தொகுதியில் சால்டரிங் மோசமாக இருந்ததைக் கண்டது. மெனுத் திரையில் பிரேம் கட்டுப்பாடின்றி ஏறியது அந்தக் குறையை வெளியே இழுத்துவந்தது, அவ்வளவுதான். ஒரு கேமில் மட்டும் அணைகிறது என்றால், அந்த கேம் மற்றவற்றைவிடக் கூடுதல் சுமை தருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரேமைக் கட்டிவைத்து விளையாடுவது எந்தக் கணினிக்கும் நல்லது. வைரஸ் என்றும் பார்மட் என்றும் சொல்பவர்களுக்கு ஒரே பதில்: பிளக்கைப் பிடுங்கியதுபோல் சாகும் கணினியைப் பார்மட் காப்பாற்றாது, உங்கள் சேவ் கோப்புகள்தான் போகும்.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: எப்படி நின்றது, பின்பக்க சுவிட்சைத் தட்டிய பிறகுதான் வந்ததா, நேரடிச் சுவர் பிளக்கில் என்ன ஆனது, பவர் லிமிட் குறைத்தபோது என்ன ஆனது, கடைசி வெப்ப அளவு என்ன. இந்த ஐந்து பதிலும் கையில் இருந்தால் நல்ல மெக்கானிக் கார்டைக் கழற்றச் சொல்லமாட்டார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.