மணியில் எழும் உருவம்

சிறியன பல கூடிப் பெரியது ஒன்றாதல் உலக இயற்கை. துளிகள் கூடி ஏரி நிறைகிறது. செங்கற்கள் கூடி மாளிகை எழுகிறது. ஆயினும் கூட்டுவோன் அளவறிந்து கூட்டினாலன்றி அக்கூட்டம் கலையாகாது. சிறு பிளாஸ்டிக் மணிகளை அடுக்கி, வெப்பத்தால் ஒட்டி, வீடியோ விளையாட்டு மாந்தரின் உருவங்களை அமைக்கும் கைத்தொழில் இவ்வுண்மையை நன்கு விளக்கும். இதனைக் கற்பார்க்கு இரண்டு அளவுகள் தெரிதல் வேண்டும். ஒன்று புள்ளியின் அளவு, மற்றொன்று தீயின் அளவு.

இம்மணிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவீடன், டென்மார்க் முதலிய வட ஐரோப்பிய நாடுகளிலிருந்து பரவியவை. இவை நூலில் கோப்பதற்கு மட்டும் உரியன அல்ல. உருக்கி ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. பெரிதும் வழங்கும் மணி 5 மில்லிமீட்டர் அளவினது. நடுவே துளையுடைய சிறு குழாய்த் துண்டு போன்றது. முளைகள் வரிசையாக எழுந்த பலகை ஒன்றில், முளைக்கு ஒரு மணியாகச் செருகுவர். வரிசைக்கு 29 முளையாக 29 வரிசை கொண்ட பலகையில் 841 மணிகள் அமையும்.

வீடியோ விளையாட்டின் உருவங்கள் இதற்குப் பொருந்துவானேன்? தொடக்கக் காலத்து விளையாட்டுப் பொறிகள் சில புள்ளிகளையும் சில நிறங்களையுமே திரையில் காட்ட வல்லனவாயிருந்தன. 1981ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'டாங்கி காங்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகனை வரைந்தவர் சிகேரு மியாமோட்டோ. ஏறத்தாழ 16 புள்ளி உயரத்துள் ஒரு மனிதனை அவர் காட்ட வேண்டியிருந்தது. வாயை வரைய இடமில்லை. ஆதலின் பெரிய மூக்கும் அதன்கீழ் மீசையும் வைத்தார். தலைமயிரை வரைதல் அரிது. ஆதலின் தொப்பி அணிவித்தார். ஓடும்போது கையசைவு தெரிதற்பொருட்டு உடலை மூடிய உடைக்கும் சட்டைக் கைக்கும் வெவ்வேறு நிறம் தந்தார். பின்னர் மாரியோ எனப் பெயர் பெற்று உலகெங்கும் அறியப்பட்ட உருவம் இவ்வாறு பிறந்தது. இடக்குறையே அவ்வுருவின் தனி அடையாளத்தை வகுத்தது எனலாம்.

திரையின் ஒரு புள்ளிக்குப் பலகையில் ஒரு மணி. எனவே 16 புள்ளி உயரமுள்ள உருவம் மணியில் 8 சென்டிமீட்டர் உயரம் பெறும். நம் பெண்டிர் வாசலில் இடும் புள்ளிக்கோலமும் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டதே. ஒரு புள்ளி பிறழ்ந்தால் கோலம் முழுதும் கோணும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கோலத்தில் புள்ளி கோட்டிற்கு வழிகாட்டும். மணியுருவில் புள்ளியே நிறமாகவும் வடிவமாகவும் நிற்கும். ஆதலின் முதலில் கட்டத்தாளில் உருவை எழுதி, ஒவ்வொரு வரிசையிலும் எந்நிறத்து மணி எத்தனை என்று குறித்துக்கொள்ளுதல் நன்று.

இனித் தீயின் அளவைக் காண்போம். அடுக்கிய மணிகளின்மேல், ரொட்டி சுடுவோர் தட்டில் விரிக்கும் வெப்பம் தாங்கும் தாளைப் பரப்பி, மிதமான சூடுள்ள இஸ்திரிப்பெட்டியை மெல்ல வட்டமாக நகர்த்துவர். இவ்வேலையைப் பெரியோர் துணையுடன், காற்றோட்டமுள்ள இடத்தில் செய்தல் வேண்டும். சூடு குறைந்தால் மணிகள் உதிரும். மிகுந்தால் துளைகள் அடைபட்டு வடிவம் சிதையும். ஒட்டியபின், ஆறும்வரை கனமான நூல் ஒன்றை மேலே வைத்தால் வளையாது.

மணியும் தீயும் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி மணி செய்த ஊர் அது. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, கூரிய முனைகள் மழுங்குமாறு மீண்டும் சூடேற்றுதல் அத்தொழிலின் முறை. இம்முறை ஆந்திர மாநிலத்துப் பாப்பாநாயுடுப்பேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் கையாளப்பட்டது. அங்கே நறுக்கிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சாம்பலைக் கலந்து சூடேற்றுவர். கண்ணாடி மணி தனித்து நிற்கத் தீ உதவிற்று. பிளாஸ்டிக் மணி கூடி நிற்கத் தீ உதவுகிறது. பயன் வேறாயினும், தீயை அளவோடு ஆளும் அறிவு ஒன்றே.

இவ்வறிவைக் கம்மாபுரத்து மாணவர் தம் ஊரின் அருகிலேயே காணலாம். அடுத்துள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே பொம்மைகளும் அகல் விளக்குகளும் செய்யப்படுகின்றன. குழைத்த மண் உலரும்போதும் சுடப்படும்போதும் சுருங்கும்; ஆதலின் அச்சினை முடிந்த பொம்மையினும் பெரிதாக அமைப்பர். சூளையின் சூடு குறைந்தால் பொருள் வலிமை பெறாது; மிகுந்தால் நெளிந்து சாயும்.

பச்சை மண்ணில் நேர்ந்த பிழையைத் திருத்தலாம். சுட்ட மண்ணில் திருத்த இயலாது. மணிப்பலகையும் அத்தகையதே. தவறான நிறத்து மணியைச் சூடேற்றுமுன் ஒரு நொடியில் மாற்றலாம். ஒட்டியபின் மாற்றுதல் அரிது. பல மணி நேரத்து உழைப்பும் ஒரு மணியின் பிழையால் குறைபடும். ஆதலின் இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுக்குமுன், கட்டத்தாளை அருகில் வைத்து வரிசை வரிசையாக எண்ணிச் சரிபார்த்தலே இக்கலையில் முதன்மையான பணியாகும்.