தப்பைப் புதிரே சொல்லட்டும்

கேள்வி: என் பையனுக்கு ஒன்றரை வயது. 26 ஆங்கில எழுத்துகளையும் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, வெட்டிக் கொடுத்தேன். ஒன்றைக்கூடப் பொருத்தவில்லை. கடித்துத் துப்புகிறான்.
– ஒரு வாசகி, கரூர்

பதில்: ஒன்றரை வயதில் கடிக்கத்தான் செய்வான். எழுத்துகளை எடுத்து உள்ளே வையுங்கள். லேமினேஷன் ஓரம் ஈறைக் கீறும். அளவு மாறிய இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை மூடியைக் கழற்றித் தரையில் வையுங்கள். எந்த மூடி எதற்கு என்று அவனே பார்க்கட்டும். கை பழகியதும் மூன்றாவது டப்பா.

கேள்வி: டப்பாவில் உண்டியல் மாதிரி ஓட்டை போட்டு, சோடா பாட்டில் மூடிகளைப் போடச் சொல்லலாமா? புளியங்கொட்டையும் இருக்கிறது.
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: புளியங்கொட்டை கூடவே கூடாது. பாட்டில் மூடியும் வேண்டாம். ஆளாளுக்கு இதைச் சிபாரிசு செய்வதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழல் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்பது கணக்கு. பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர்; அடங்கிவிடும். சோடா மூடியும் அப்படித்தான். 20 லிட்டர் தண்ணீர் கேனின் மூடிகளைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுப் பேத்திக்கு மாட்டுப் படத்தை அட்டையில் ஒட்டி ஆறு துண்டாக வெட்டினேன். தப்பாக வைக்கிறாள். சரியான இடத்தைக் காட்டினால் தூக்கி எறிகிறாள். பொறுமையே இல்லை.
– ஒரு தாத்தா, விருத்தாசலம்

பதில்: ஐயா, அவள் வேலையை நீங்கள் பிடுங்கினால் எறியாமல் என்ன செய்வாள்? தப்பைச் சொல்ல வேண்டியது புதிர். மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தாரே, அவருடைய உருளைக் கட்டையைப் பாருங்கள். நீளக் கட்டையில் பத்துக் குழி, பத்து உருளை. ஒல்லி உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஒரு தடி உருளை எங்கும் நுழையாமல் கையில் நிற்கும். பிள்ளை முழிக்கும், கலைக்கும், மறுபடி போடும். பெரியவர்கள் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

உங்கள் மாட்டுப் படத்தில் தலை இருக்கவேண்டிய இடத்தில் வாலை வைத்தாலும் அட்டை பேசாமல் கிடக்கிறது. அதனால் குழி வேண்டும். பழைய தினசரி காலண்டர் அட்டை இரண்டு எடுங்கள். ஒன்றில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, பிளேடால் வெட்டி எடுங்கள். ஓட்டை விழுந்த அட்டையை மற்றதன்மேல் மைதாப் பசையால் ஒட்டி, ஒரு ராத்திரி கனமான புத்தகங்களுக்குக் கீழே வையுங்கள். வெட்டிய வட்டத்தின் ஓரத்தை உப்புத்தாளால் சுற்றிலும் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இறுக்கமாக இருந்தால் சரியான குழியிலேயே நுழையாது. பிள்ளை தான் செய்ததுதான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். இழுத்து எடுக்க நடுவில் கீறி ஒரு துணிப் பட்டையை நுழைத்துப் பின்னால் ஒட்டுங்கள்.

வட்டம்தான் முதலில். எப்படித் திருப்பினாலும் உட்காரும். சதுரம் அப்புறம். மாட்டை விட மனமில்லை என்றால், அதே மாதிரி குழிக்குள் இரண்டே துண்டு: தலை ஒன்று, உடம்பு ஒன்று. முகத்துக்கு நடுவே கத்தி வைக்காதீர்கள்.

பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சரியான குழியை நீங்கள் உற்றுப் பார்த்தாலே அவள் உங்கள் கண்ணைப் பார்த்து வைத்துவிடுவாள். ஆகவே அவள் முகத்தையே பாருங்கள்.

கேள்வி: ஒரே புதிரை நாள் முழுக்கச் செய்கிறாள். புதிதாக ஒன்று செய்யட்டுமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம்.

கேள்வி: வேலைக்குப் போகிறேன். இதையெல்லாம் வெட்டி ஒட்ட நேரமே இல்லை. என் மகன் பின்தங்கிவிடுவானோ? அவனுக்கு இரண்டரை வயது.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மாட்டான், அம்மா. கவலையை விடுங்கள். சந்தைப் பையைக் கொட்டி, கத்தரிக்காயை ஒரு கூடையிலும் உருளைக்கிழங்கை இன்னொன்றிலும் போடச் சொல்லுங்கள். துணி மடிக்கும்போது சாக்ஸ் ஜோடி சேர்க்கட்டும். தப்பாகச் சேர்த்தால் கடைசியில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இரண்டு மிஞ்சும்; அவனே பிரித்துப் பார்ப்பான்.