கொச்சியின் யூதத் தெரு

கொச்சி ஒரு துறைமுக நகரம். கேரளத்தில் உள்ளது. அந்த நகரின் பழைய பகுதி மட்டாஞ்சேரி. அங்கே குறுகலான ஒரு தெரு இருக்கிறது. அதுதான் யூதத் தெரு.

யூதர்கள் யார்? யூத மதத்தைப் பின்பற்றுகிறவர்கள். மிளகு வாங்கக் கடல் கடந்து கேரளத்திற்கு வந்தார்கள். சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன்பு சேர மன்னர் ஒருவர் அவர்கள் தலைவருக்குப் பல உரிமைகள் கொடுத்தார். அதைச் செப்புத் தகட்டில் வட்டெழுத்தில் எழுதித் தந்தார். அந்தச் செப்பேடு இந்தத் தெருவில் இருக்கும் ஜெப ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டது.

16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் துன்பப்பட்ட யூதர்கள் சிலரும் இங்கு வந்தார்கள். கொச்சி அரசர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே யூதர்களுக்கு இடம் கொடுத்தார். 1568-இல் அங்கே ஜெப ஆலயம் கட்டினார்கள். 1662-இல் போர்த்துகீசியர் அதைத் தாக்கினார்கள். பிறகு அதைச் சீர்செய்தார்கள்.

ஜெப ஆலயத்தின் அருகே ஒரு மணிக்கூண்டு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதன் முகங்களில் வேறு வேறு எழுத்தில் எண்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் மலையாளம். ஒரு பக்கம் எபிரேயம். இன்னொரு பக்கம் ரோமன் எண்கள். அவரவர் தமக்குத் தெரிந்த எழுத்தில் மணி பார்க்கலாம்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அவர்களுக்குள்ளேயே உயர்வு தாழ்வு இருந்தது. முன்பு அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வாரிசுகளும் யூதர்கள்தான். ஆனால் ஜெப ஆலயத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார அவர்களை விடவில்லை. தரையிலோ வெளிப்படியிலோ உட்காரச் சொன்னார்கள்.

அந்தப் பிரிவில் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். இங்கே சேலம் என்பது ஆளின் பெயர், ஊரின் பெயர் அல்ல. அவர் படித்து வக்கீல் ஆனார். கொச்சி சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார். இந்த அநீதியை அவர் ஏற்கவில்லை. சில காலம் ஜெப ஆலயத்திற்குப் போகாமல் இருந்தார். காந்தியடிகளின் வழியில் சத்தியாக்கிரகம் செய்தார். கை ஓங்கவில்லை. ஆனால் விட்டுக் கொடுக்கவும் இல்லை. பழைய தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவர் 1967-இல் காலமானார். இன்று அந்தத் தெரு அவர் பெயரால் சேலம் சாலை என்றும் அழைக்கப்படுகிறது.

1948-இல் இஸ்ரேல் நாடு உருவானது. பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். இப்போது தெருவில் வாசனைப் பொருள், பழம்பொருள் கடைகள் நிறைந்திருக்கின்றன. ஜெப ஆலயத்தைப் பார்க்கப் பல ஊர்க்காரர்கள் வருகிறார்கள்.

செப்பேட்டில் எழுதிய உரிமை ஊருக்குள் இடம் தந்தது. சம உரிமையோ கேட்டுப் போராடிய பின்புதான் கிடைத்தது. ஒரு தெருவில் இடம் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரே வரிசையில் உட்கார இடம் கொடுக்க வேண்டும்.

பயிற்சி

1. மணிக்கூண்டில் எந்தெந்த எழுத்துகளில் எண்கள் உள்ளன?

2. சேலம் ஏன் சத்தியாக்கிரகம் செய்தார்?

3. உங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.

4. உங்கள் ஊரில் எல்லோரும் சமமாக உட்கார முடியாத இடம் உண்டா? குழுவாகப் பேசுங்கள்.