அதே நிரல், அதே தேதி, வேறு விடை

நம்பிக்கை: நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை, மொழியின் பதிப்பை மட்டும்தான் ஏற்றினோம். தேதிக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

உண்மை: ஆகும். தேதியைப் படிக்கும் விதிகளில் பல நம் நிரலில் இருப்பதில்லை. மொழியோடும், அது கூடவே கொண்டுவரும் வட்டாரத் தரவோடும் சேர்ந்து வருகின்றன. 2023 மார்ச்சில் வெளியான ஜாவா 20, யூனிகோடு கூட்டமைப்பின் சிஎல்டிஆர் 42 தரவுக்கு மாறியது. அதில் அமெரிக்க ஆங்கில நேரத்துக்கும் ஏஎம், பிஎம் குறிகளுக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளி போய், யு+202எஃப் என்ற குறுகிய இடைவெளி வந்தது. திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள். நேர வடிவத்தை வட்டாரத் தரவின் பொறுப்பில் விட்டிருந்த நிரல்கள் பழைய கோப்புகளைப் படிக்க மறுத்தன. அதற்கு முன்பே, ஜாவா 16-இல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் செப்டம்பர்ச் சுருக்கம் மூன்றெழுத்திலிருந்து நான்கெழுத்தாகியிருந்தது. பதினொரு மாதம் ஒழுங்காக ஓடும் நிரல் செப்டம்பரில் மட்டும் முறிந்தால், எங்கே போய்த் தேடுவது?

நம்பிக்கை: ஐஎஸ்ஓ 8601 வடிவில் எழுதிவிட்டால் கவலையில்லை.

உண்மை: பைத்தான் 3.7-இல் வந்த ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மேட், பெயரில்தான் ஐஎஸ்ஓவை வைத்திருந்தது. உலகப் பொது நேரத்தைக் குறிக்க இறுதியில் 'இசட்' போட்ட சரத்தை, 2022-இல் வந்த 3.11 வரை அது ஏற்கவில்லை.

ஜாவாஸ்கிரிப்டின் கதை இன்னும் சிக்கலானது. நேர மண்டலம் குறிப்பிடாத ஐஎஸ்ஓ சரத்தை உலகப் பொது நேரமாகக் கொள்ளச் சொன்னது 2009-இன் தரவரையறை. உள்ளூர் நேரம் என்றது 2015-இன் பதிப்பு. அடுத்த ஆண்டுப் பதிப்பு இரண்டையும் பிரித்துவிட்டது: தேதி மட்டும் இருந்தால் உலகப் பொது நேரம், மணியும் சேர்ந்திருந்தால் உள்ளூர் நேரம். இன்றும் அதுதான் விதி. ஆகவே 2024-03-01 என்ற சரத்தை நியூயார்க்கில் படித்து உள்ளூர் நேரத்தில் காட்டினால் பிப்ரவரி 29, மாலை 7 மணி என்று வரும். சென்னையிலும் கொழும்பிலும் அதே சரம் மார்ச் 1, காலை 5:30. நாள் மாறுவதில்லை. நம் ஊரில் உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. அமெரிக்க வாடிக்கையாளரிடம் போய்த்தான் வெளிப்படும். இங்கிருந்து அங்குள்ளவர்களுக்கு மென்பொருள் எழுதும் நாம் இதை அறியாமல் இருக்கக் கூடாது.

நம்பிக்கை: பிழைச் செய்தி வரவில்லை, ஆகவே சரியாகப் படித்துவிட்டது.

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. 10/11/2010 என்ற சரத்தை ரூபி 1.8-இன் டேட்.பார்ஸ் அமெரிக்க வழக்கப்படி அக்டோபர் 11 என்று படித்தது. ரூபி 1.9 அதையே நவம்பர் 10 என்று படித்தது. இரண்டும் செல்லுபடியாகும் தேதிகள் என்பதால் எந்த எச்சரிக்கையும் எழாது. 12/25/2010 என்று கொடுத்தால் 1.9 பிழை காட்டி நின்றுவிடும். அந்த அளவுக்கு நல்லது. மாதத்தின் முதல் 12 நாட்களில்தான் தரவு ஓசையின்றிக் கெடும்.

வடிவத்தை ஊகிக்கும் செயற்கூறுகளை நம்பாதீர்கள். வடிவம், நேர மண்டலம், வட்டாரம் மூன்றையும் நிரலிலேயே எழுதுங்கள். கோப்பில் சேமிக்கும் மாதம் எண்ணாகவே இருக்கட்டும். பதிப்பை ஏற்றும் முன் 12-க்கு உட்பட்ட நாட்கள், செப்டம்பர் மாதம் இரண்டையும் சோதனையில் சேர்த்து, கணினியின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.