வளையியும் மீள்கணிப்பும்

மாணவர்களே, இறக்கக்கண்டிக் கரையில் கிடக்கும் வள்ளமொன்றின் பக்கத் தோற்றத்தை வரைய முயலுங்கள். அடிமட்டமும் உதவாது, கவராயமும் உதவாது. முற்காலத்துக் கப்பல் வரைஞர்கள் வளையக்கூடிய மெல்லிய மரச்சட்டத்தைச் சில இடங்களில் பாரம் வைத்து நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுத்தனர். அச்சட்டத்தின் பெயரே ஸ்பிளைன். 1946 இல் ஷோன்பேர்க் என்ற கணிதவியலாளர் அப்பெயரைக் கணிதத்தில் பயன்படுத்தினார். இன்று கணினியில் பாரங்களின் இடத்தில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் உள்ளன.

1959 இல் சிட்ரோயன் கார்த் தொழிற்சாலையில் டி காஸ்டெல்ஜோ கண்ட முறைக்கு, நீங்கள் கணிதத்தில் படித்த நடுப்புள்ளியே போதும். அ(0, 0), ஆ(4, 8), இ(8, 0) என்பன கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எனக் கொள்வோம். அஆ இன் நடுப்புள்ளி (2, 4). ஆஇ இன் நடுப்புள்ளி (6, 4). இவ்விரண்டினதும் நடுப்புள்ளி (4, 4). வளையி இப்புள்ளியினூடாகச் செல்லும்.

இவ்வாறு நூற்றுக்கணக்கான புள்ளிகளையும் வளையியின் நீளத்தையும் ஒவ்வொரு தடவையும் கணித்தால் நேரம் வீணாகும். எனவே மென்பொருள் ஒருமுறை கணித்த விடையைச் சேமித்து வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும். (பாடத்தில் வரும் பதுக்கு நினைவகம் வன்பொருள். இது செய்நிரலுக்குள் நடப்பது. நோக்கம் ஒன்றே.)

இப்போது ஆ ஐ (4, 12) இற்கு நகர்த்துங்கள். நடுப்புள்ளிகள் (2, 6), (6, 6). வளையிப் புள்ளி (4, 6). சேமித்த விடையோ இன்னும் (4, 4). கணினி எச்சரிக்கை எதுவும் தராது. பிழையான இடத்தில் பலகையை அறுத்த பின்னரே தெரியவரும்.

ஆகவே, புள்ளி நகர்ந்தவுடன் சேமித்த விடைக்குப் 'பழையது' என்று அடையாளமிட வேண்டும். உடனே கணிக்கத் தேவையில்லை. சுட்டியால் இழுக்கும்போது புள்ளி 50 இடங்களைக் கடந்தாலும், நீளத்தை இறுதியில் மட்டும் கேட்டால் ஒரு கணிப்பே போதும்.

நீண்ட வளையி பல துண்டுகளால் ஆனது. முப்படி பி-ஸ்பிளைனில் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி, கூடியது 4 துண்டுகளையே பாதிக்கும். 100 துண்டுகள் இருந்தால் 96 இன் நீளங்கள் அப்படியே செல்லும். இங்கேதான் கவனம் தேவை: துண்டுகளைத் திருத்திவிட்டு, மொத்த நீளத்துக்கு அடையாளமிட மறந்துவிடுவார்கள். புள்ளி அட்டையில் கணிதப் புள்ளியைத் திருத்திய ஆசிரியர் மொத்தத்தையும் சராசரியையும் நிலையையும் பழையபடி விட்டால் என்ன ஆகும்? இரண்டாம் நிலைப் பிள்ளை ஐந்தாம் நிலையிலேயே நிற்கும். சேமித்த ஒன்றிலிருந்து பெற்று இன்னொன்றைச் சேமித்திருந்தால், அதற்கும் அடையாளம் செல்ல வேண்டும்.

பயிற்சி: ஆ(4, 12) ஆக இருக்கும்போது அ ஐ (0, 4) இற்கு நகர்த்தினால், பழையதாகும் நடுப்புள்ளி எது? மாறாதது எது? புதிய வளையிப் புள்ளி யாது?

விடை: (2, 6) பழையதாகி (2, 8) ஆகும். (6, 6) மாறாது. வளையிப் புள்ளி (4, 7).