ஜாஸ் இசையைக் கேட்கும் வகை

இசையை முத்தமிழுள் ஒன்றாக வைத்துப் போற்றியவர் நம் முன்னோர். ஆயினும், நமக்குப் பழக்கமான இசையையே இசையென்று கொண்டு, பிறநாட்டார் இசையை வெற்றோசையென ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உளது. சென்ற விடுமுறையில் சங்கரன்கோவிலில் எம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து அமெரிக்க ஜாஸ் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வழியே வந்த எம் சபைப் பெரியவர் ஒருவர், "தம்பி, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கீர்த்தனை பாடுகிற நீ, இந்தக் குடிக்கூடத்துப் பாட்டைக் கேட்கலாமா?" என்று வினவினார். அன்று என்னால் தக்க விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை. ஜாஸின் பிறப்பும், அதனைக் கேட்கும் வகையும், நம் நாட்டோடு அதற்குள்ள தொடர்பும் ஈண்டு முறையே கூறப்படும்.

பிறப்பு

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவ்விசை உருப்பெற்றது. ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்களின் வழிவந்தோரே இதனைப் படைத்தவர். முன்னாளில் அந்நகரின் காங்கோ சதுக்கத்தில் அடிமைகள் ஞாயிறுதோறும் கூடிப் பறையறைந்து ஆடிப்பாட இடம் பெற்றிருந்தனர். வயல்களில் வேலைப்பாட்டுப் பாடினர். இஸ்ரவேலர் எகிப்தினின்று மீட்கப்பட்ட வரலாற்றைத் தம் வரலாறாகவே கொண்டு, ஸ்பிரிச்சுவல் எனப்படும் ஞானப்பாட்டுக்களையும் பாடினர். ஒருவர் முன்னே பாட ஏனையோர் ஏற்றுப் பாடுதல் அப்பாட்டுக்களின் முறை. நம் நெல்லைச் சீமை வில்லுப்பாட்டில் புலவர் பாடப் பின்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுதலைக் கேட்டவர்க்கு அம்முறை புதிதன்று. இவற்றோடு ப்ளூஸ் என்னும் துயரப்பாட்டும், பித்தளைக் குழல் வாத்தியக் குழுக்களின் இசையும் கலந்தன. அக்குழுக்கள் சவ அடக்கத்திற்குச் செல்லுங்கால் ஞானப்பாட்டை மெல்ல வாசிக்கும். அடக்கம் முடிந்து திரும்புங்கால் களிப்போடு வாசிக்கும். துயரும் களிப்பும் ஒருங்கு நிற்கும் இவ்வியல்பே ஜாஸின் உயிர் எனலாம்.

தாளமிட்டுக் கேட்டல்

புதிய இசையைக் கேட்கத் தொடங்குவோர்க்கு முதற்கண் வேண்டுவது ஒரு பிடிமானம். ஜாஸைப் பொறுத்தவரை அதனை நம் ஆதி தாளமே அளிக்கும். ப்ளூஸ் பாட்டொன்று பெரும்பான்மையும் பன்னிரண்டு கட்டங்களை உடையது. கட்டத்திற்கு எண்ணிக்கை நான்கு. ஆக நாற்பத்தெட்டு எண்ணிக்கை, அஃதாவது எட்டெண்ணிக்கையுடைய ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். முதலிரண்டு ஆவர்த்தனங்களில் ஷட்ஜத்தை அடியாகக் கொண்ட சுரக்கூட்டம் ஒலிக்கும். மூன்றாவதில் அவ்வடி மத்திமத்திற்கு நகரும்; நான்காவதில் ஷட்ஜத்திற்கு மீளும். ஐந்தாவதில் பஞ்சமத்திற்கு ஏறி, பெரும்பாலும் மத்திமத்தின் வழியாக இறங்கி, ஆறாவதில் வீடு திரும்பும். பாடலடியும் இவ்வாறே அமையும்: முதலிரண்டு ஆவர்த்தனங்களில் ஓரடி, அடுத்த இரண்டில் அதே அடி மீண்டும், இறுதியிரண்டில் அதற்கு விடையாக வேறோரடி. இச்சுழற்சி மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு வாத்தியக்காரர் தம் மனோதர்மத்தால் புதிதாக வாசிப்பார்.

இதனைக் கேட்டறிதற்குத் தக்கது, லூயி ஆம்ஸ்டிராங் 1928-ஆம் ஆண்டு பதிவுசெய்த 'வெஸ்ட் எண்டு ப்ளூஸ்' என்னும் இசைத்தட்டு. அதன் தொடக்கத்தில் துணை வாத்தியம் யாதுமின்றி அவர்தம் டிரம்பெட் தாளக்கட்டின்றித் தனித்தொலிக்கின்றது. கீர்த்தனைக்கு முன் நாகசுவரக்காரர் ஆலாபனை செய்வது போன்றதே அது. பின்னரே பன்னிரண்டு கட்டச் சுழற்சி தொடங்கும். அதே இசைத்தட்டில் ஆம்ஸ்டிராங் கிளாரினெட்டுக்கு எதிர்மொழியாகச் சொல்லற்ற ஓசைகளைத் தம் குரலாலும் பாடுகின்றார். 'கொஞ்சும் சலங்கை' (1962) என்னும் திரைப்படத்தில் எஸ். ஜானகி அம்மையார் குரலும் காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகசுவரமும் ஒன்றையொன்று தொடர்ந்தோடுவதைக் கேட்ட செவிக்கு, இவ்வின்பமும் எளிதில் வாய்க்கும்.

ஸ்விங்

1930-களில் பதினைவர் அளவினரான பெருங்குழுக்கள் எழுந்தன. டியூக் எல்லிங்டன், கவுண்ட் பேசி, பென்னி குட்மன் ஆகியோர் குழுக்கள் அவற்றுள் தலைசிறந்தன. குட்மன் குழு 1938-ஆம் ஆண்டு நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் வாசித்தபோது, நடனக்கூடத்து இசை கச்சேரி மேடையேறியது. இக்காலத்து இசைக்கு ஸ்விங் என்று பெயர். ஊசலாட்டம் என்பது அதன் பொருள். அவ்வூசல் யாதெனின், ஓரெண்ணிக்கையை இரு சமகூறாக்காது முன்கூற்றை நீட்டிப் பின்கூற்றைக் குறுக்குதலாம். திச்ர நடையின் மூன்றட்சரங்களுள் முதலிரண்டைச் சேர்த்து மூன்றாவதைத் தனித்தொலித்தால் ஏறக்குறைய அந்நடை தோன்றும். காலம் விரையுந்தோறும் அக்கூறுகள் சமத்தை நெருங்கும். நான்கெண்ணிக்கையுள் இரண்டிலும் நான்கிலும் அழுத்தம் விழும். ஆதலின் கைதட்டுவோர் அவ்விரண்டிலுமே தட்டல் வேண்டும். இதனை உணர்ந்து தட்டத் தொடங்கிய அன்றே இசை நம் உடலுள் புகுந்துவிடும்.

பிற்கால ஜாஸ்

1940-களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி முதலியோர் ஜாஸை ஆடுதற்குரிய நிலையினின்று ஊன்றிக் கேட்டற்குரிய நிலைக்கு உயர்த்தினர். அவ்விசை மிக விரைவுடையது, தொடக்கத்தில் மருட்டுவது. அதற்குமுன் 1959-இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்னும் தொகுப்பைக் கேட்டல் நலம். அதன் முதற்பாட்டில் எண்கட்டங்கள் கொண்ட நான்கு பகுதிகள் உள. முதல் இரண்டு பகுதிகளிலும் நான்காவதிலும் வரும் சுரவரிசை நம் கரகரப்பிரியாவின் சுரவரிசையே. மூன்றாம் பகுதியில் அதே வரிசை அரைச்சுரம் உயர்ந்தொலிக்கும். ஆதி தாளத்தில் எண்ணின், எட்டு ஆவர்த்தனம் கடந்ததும் இசை சற்றே மேலேறுவதும், நான்கு ஆவர்த்தனத்தின் பின் மீண்டிறங்குவதும் தெற்றெனப் புலப்படும்.

எனினும் இவ்விரண்டு இசையும் ஒன்றே எனல் பொருந்தாது. நம் இராகத்திற்குக் கமகம் உயிர். ஜாஸுக்குப் பல சுரங்கள் ஒருங்கொலிக்கும் சுரக்கூட்டம் நிலைக்களன். நாம் ஒரு சுருதியில் நிலைத்து ஆழ்கின்றோம். அவர்கள் அடி பெயர்த்துப் பெயர்த்து நடக்கின்றனர். கற்றதை அப்படியே ஒப்புவியாது, இலக்கணத்தின் எல்லைக்குள் நின்று அக்கணமே படைத்தலே இரண்டற்கும் பொதுவான அறம்.

நம் நாட்டுத் தொடர்பு

லியோன் ஆபி என்னும் கறுப்பின வயலின் கலைஞர் 1935-இல் தம் குழுவோடு பம்பாய்த் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தார். பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு கல்கத்தாவிலேயே தங்கி வாசித்து, 1945-இல் அந்நகரிலேயே காலமானார். அவர்களிடம் பயின்ற கோவா நாட்டுக் கலைஞர்கள் வாயிலாக அவ்விசை இந்தித் திரைப்படங்களிற் கலந்தது. டேவ் புருபெக் 1958-இல் சென்னை உள்ளிட்ட நம் நகரங்களில் வாசித்துச் சென்றார். எல்லிங்டன் 1963-இல் வந்தார். மேற்கொண்டு, சார்லி மரியானோ என்னும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் தென்னிந்தியாவில் தங்கி நாகசுவரம் பயின்றார். மறுபுறம், நாகசுவரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கருநாடக இசைக்கு வசப்படுத்தி, 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் வாசித்தார். அமெரிக்கர் நம் நாகசுவரத்தை ஏந்த, நம்மவர் அவர்தம் சாக்ஸபோனை ஏந்தியது வியப்பன்றோ!

பெரியவர் வினாவிற்கு விடை

இனி, அப்பெரியவர் வினாவிற்கு வருவோம். இவ்விசை குடிக்கூடங்களில் ஒலித்தது மெய்யே; அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் வேறிடம் அக்கலைஞர்க்கு யார் கொடுத்தார்? எல்லிங்டன் குழுவினர் தென்மாநிலங்களிற் சென்றபோது, தங்குமிடம் மறுக்கப்பட்டமையின் தமக்கென அமர்த்திய இரயில்வண்டியிலேயே உறங்கினர். அதே எல்லிங்டன் 1965-இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் தெய்விக இசைக்கச்சேரி நிகழ்த்தினார். ப்ளூஸ் பியானோக்காரராகிய தாமஸ் டார்சி, 1932-இல் மனைவியையும் பச்சிளங் குழவியையும் ஒருங்கே இழந்த துயரில் இயற்றிய ஞானப்பாட்டு இன்றும் உலகெங்கும் திருச்சபைகளில் பாடப்படுகின்றது. கூடத்திற்கும் கோவிலுக்கும் இடையே அம்மக்கள் கண்ட தூரம் நாம் நினைக்குமளவு பெரிதன்று.

நம் நாட்டிலும் நாகசுவரக் கலைஞர் சட்டையின்றி நின்று வாசிக்க வேண்டும் என்ற காலம் இருந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கோட்டணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்துத் தம் கலைக்கு மதிப்பை வென்றார். இதனைப் படித்தறிந்தபின் என் நெஞ்சு என்னையே சுட்டது. எம் உறவினர் திருமணம் ஒன்றில் மேளக்காரர் வாசித்த தோடியை நெடுநேரம் நின்று கேட்டேன். பந்தி முழுதும் எழுந்தபின் கடைசியாக அவர்கள் உண்ணச் சென்றதையும் கண்டேன். வாசித்தவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆம்ஸ்டிராங்குக்கும் எல்லிங்டனுக்கும் நேர்ந்ததை எண்ணி இரங்கும் யான், கையெட்டும் தூரத்திலிருந்த கலைஞரை மறந்தேன்.

ஆதலின், அன்பர்காள், ஜாஸைக் கேளுங்கள், தாளமிட்டுக் கேளுங்கள், வாசிப்பவர் யாவரென அறிந்து கேளுங்கள். இவ்விடுமுறையில் அப்பெரியவரைக் கண்டு, என் பக்கத்தே அமர்ந்து ஆறாவர்த்தனம் எண்ணும்படி வேண்டுவேன். ஆடித்தபசுக் காலத்து எங்கள் ஊர் வீதியில் நாகசுவரம் ஒலிக்குங்கால், இசை ஓய்ந்தபின் அருகிற் சென்று, "ஐயா, தங்கள் பெயர் என்ன?" என்றும் வினவுவேன்.