இடம் போதாத ஊர்

அன்புள்ள பேத்திக்கு,

உன் கணக்கு நோட்டுக்கு அட்டையாகப் போட்டிருக்கும் நாட்காட்டிப் படம் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட். ஏரிக்கரை, ஊசிக்கோபுரத் தேவாலயம், செங்குத்தான மலை. ஏறக்குறைய 750 பேர் வாழும் ஊர். ஏரிக்கும் மலைக்கும் நடுவே கிடைத்த துண்டு நிலத்தில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன.

இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் யார் குடியேறுவார்கள்? உப்புத் தேடி வந்தவர்கள்.

ஆதிக்கடல் வற்றிப் படிந்த உப்பு ஊருக்கு மேலே மலைவயிற்றில் பாறையாகக் கிடக்கிறது. வெண்கலக் காலத்திலேயே சுரங்கம் தோண்டினார்கள். 2003-இல் அங்கே கிடைத்த படிக்கட்டுக்கு மரம் வெட்டியது கி.மு. 1344-இல்; மரத்தின் வளையங்களை வைத்துப் போட்ட கணக்கு. ஊறுகாய் ஜாடியில் நடப்பதுதான் சுரங்கத்திலும் நடந்தது: உப்பு எதையும் அழுக விடவில்லை. தோல்பை, கம்பளித் துணி, உள்ளே ஒதுங்கியவர்களின் மலம்கூட (சிரிக்காதே) அப்படியே இருந்தன. 2,700 ஆண்டுப் பழைய மலத்தில் பீருக்கும் நீலப் பாலாடைக்கட்டிக்கும் தடயம் இருந்ததாக ஆய்வாளர்கள் 2021-இல் எழுதினார்கள். ஐரோப்பாவின் முற்பட்ட இரும்புக் காலத்துக்கே இந்த ஊரின் பெயர்தான்.

பிற்காலத்தில் செத்தவர்களுக்கு இடம் போதவில்லை. கல்லறைத் தோட்டம் கைக்குட்டை அளவு. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து எலும்பைத் தோண்டியெடுத்து, குழியை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். மண்டையோட்டை வெயிலில் வெளுக்க வைத்து, பெயர் எழுதி, ரோஜாவும் இலைமாலையும் வரைந்து, சொந்தக்காரர் பக்கத்தில் அடுக்கினார்கள். சுமார் 1,200 ஓடுகளில் 610 வண்ணம் தீட்டியவை. 1983-இல் இறந்த ஒரு பெண்ணின் ஓடு 1995-இல் அந்த அடுக்கில் வந்து சேர்ந்தது; அதில் தங்கப்பல் இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் பயங்கரம் என்பார்கள். நம் கூடத்தில் மாலை போட்ட கொள்ளுத்தாத்தா படத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இப்போது உயிரோடு வருகிறவர்களுக்கும் இடமில்லை. 1997-இல் ஊர் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2012-இல் சீனாவின் குவாங்டோங்கில் ஊருக்கு நகலே கட்டிவிட்டார்கள். நெரிசல் நாளில் 10,000 பேர் வரை வருகிறார்கள். சுற்றுலாப் பேருந்துகளுக்கு முன்பதிவு கட்டாயம். 2023 மே மாதம், செல்ஃபிக் கூட்டத்தின் சத்தம் தாங்காமல் ஏரியை மறைத்து மரவேலி எழுப்பினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் ஊர்க்காரர்களே தெருவில் இறங்கினார்கள். சுற்றுலாக் காசும் வேண்டும், வாசலில் அமைதியும் வேண்டும். அவர்கள் பாடு எளிதல்ல.

சுரங்கம் இன்றும் ஓடுகிறது. உப்புநீர் குழாய்வழியே எபென்சே என்ற ஊருக்குப் போகிறது. 1607-இல் முடிந்த முதல் குழாய், சுமார் 13,000 மரங்களைக் குடைந்து 40 கிலோமீட்டருக்குக் கோத்தது. உன் அட்டைப் படத்தில் உப்புமலை வலது ஓரத்தில் இருக்க வேண்டும். நோட்டைப் பிரித்துப் பார், மடிப்புக்குள் போயிருக்கும்.

அன்புடன்,
தாத்தா